பூட்டைத் திறந்து கொடுத்த போன்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் கடையைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடம் அது. கண்ணாடி மேசை ஒன்று, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு ஒன்று, ஈயம் பற்றவைக்கும் இரும்பு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். கைப்பேசி பழுதுபார்ப்பது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் வந்தவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லையா?" என்று கேட்பார்கள். நான்தான் அண்ணன், என்ன பிரச்சினை சொல்லுங்கள் என்பேன். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

போன் அவ்வளவு சுலபத்தில் சாகாது என்பது என் கட்சி. திரை உடையும், சார்ஜ் செருகும் வாய் தளர்ந்துபோகும், ஸ்பீக்கரில் தூசி அடைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் ஆட்கள் புதுசு வாங்கிவிடுவார்கள். பழையது மேசை டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் ஃபிளாட்டில் எந்த வீட்டு டிராயரைத் திறந்தாலும், பழைய கரண்ட் பில்லுக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவில் நாலைந்து போன் கிடக்கும். உதிரி பாகத்தை விற்க மாட்டேன் என்கிற கம்பெனிகளையும், திரையின் விலையைப் புது போன் விலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற கம்பெனிகளையும் நான் திட்டாத நாளில்லை. மண்ணைத் தோண்டி எடுத்த சாமானை இரண்டு வருஷத்தில் தூக்கி எறிவதற்கு ஒரு மனசு வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். சிலர் கேட்பார்கள். சிலர், எப்ப ரெடியாகும் என்று மட்டும் கேட்பார்கள்.

இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டவள் என் தோழி. கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். பள்ளி முடிந்து இரண்டு பேரும் சேர்ந்தேதான் மின்னணுப் பயிற்சிக்குப் போனோம். எனக்குக் கை ஓடும், அவளுக்கு வாய் ஓடும். செய்முறைப் பரீட்சையில் அவளுடைய சர்க்யூட்டை நான் பற்றவைத்துக் கொடுத்தேன். நேர்முகத் தேர்வில் என்னென்ன கேட்பார்கள், எதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் என்னை இரண்டு நாள் உட்காரவைத்துப் பழக்கினாள். என் அப்பா படுக்கையில் விழுந்தபோது, தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் கடையை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டாள். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், நான் யாரோ ஒரு ஊர் பேர் தெரியாதவளை நம்பி ஏமாந்துவிடவில்லை. அப்படி ஏமாந்திருந்தால் இந்த வயிற்றெரிச்சல் இத்தனை நாள் இருக்காது.

பயிற்சி முடிந்ததும் அவள் கம்பெனி வேலைக்குப் போனாள், நான் படிக்கட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்தேன். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஒரு மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். எதிர்க்கடையிலிருந்து தே தாரிக் வரவழைத்துக் குடித்து முடித்தாள். பிறகு ஈரமான குவளையைத் தூக்கி, கண்ணாடி மேசைமேல் அது விட்ட வளையத்தைக் காட்டினாள்.

"இதுதாண்டி விஷயம். இப்ப என்ன நடக்குது? தோண்டி எடுக்கிறான், போன் செய்றான், நாம வாங்குறோம், டிராயர்ல போடுறோம், அப்புறம் குப்பை. ஒரே நேர்க்கோடு. அதை வளைச்சு வட்டமாக்கணும். ரிப்பேர் பண்ணி அடுத்த ஆளுக்கு. அது முடியலன்னா பார்ட்ஸுக்கு. அதுவும் முடியலன்னா லைசென்ஸ் இருக்கிற ரீசைக்கிள்காரன்கிட்ட. உள்ள இருக்கிற செம்பு, தங்கம், கோபால்ட்டு எல்லாத்தையும் திரும்ப எடுத்துடலாம்."

சுழற்சிப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர் சொன்னாள். இத்தனை வருஷம் நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்படியொரு கம்பீரமான பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பாராட்டியதுபோல் இருந்தது.

திட்டம் இதுதான். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய போன்களைச் சேகரிக்க வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை அவளுடைய வேன் வந்து எடுத்துக்கொள்ளும். கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தாள். அங்கே உள்ளிருப்பதையெல்லாம் அழித்து, சோதித்து, பழுதுபார்ப்பார்கள். தேறியதில் ஒரு பங்கு குறைந்த விலைக்கு விற்பனைக்கு, மற்றொரு பங்கு வசதியில்லாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. "உனக்குத்தாண்டி இங்க மரியாதை. நான் கேட்டா ஒருத்தனும் குடுக்க மாட்டான். நீ கேட்டா குடுப்பாங்க" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவள் கணக்குப் போட்டுத்தான் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போனைத் திறந்தபடி அனுப்ப வேண்டும். பூட்டு தெரியாத போனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஆளின் கணக்கு உள்ளே இருந்தால் அடுத்த ஆள் அதைப் பயன்படுத்தவே முடியாது, பிரித்துப் பார்ட்ஸ் எடுக்கத்தான் ஆகும். இது உண்மை, நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். "அப்ப நானே இங்க அழிச்சிட்டு அனுப்பறேனே" என்றேன். ஒரு போனுக்குப் பத்து நிமிஷ வேலை.

"வேணாண்டி. என் மிஷின்லதான் அழிக்கணும். அப்பதான் எந்த போனு, எப்ப அழிச்சதுன்னு சர்டிபிகேட் வரும். நீ முன்னாடியே அழிச்சிட்டா அது வராது. பெரிய கம்பெனிங்க அதைத்தான் கேக்குறாங்க."

சர்டிபிகேட் என்றதும் நான் அடங்கிவிட்டேன். காகிதத்தில் அச்சடித்து வருகிற எதன் மேலும் எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு.

எங்கள் ஆட்கள் பூட்டை மறைக்கிற ஆட்களே இல்லை. பழுதுக்குக் கொடுக்கும்போது நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். ஒன்று கார் நம்பர், இல்லாவிட்டால் வீட்டு நம்பர். கோடு இழுக்கிற பூட்டாக இருந்தால் பாதிப் பேருக்கு 'ப' தான்: இடது பக்கம் இறங்கி, அடியில் போய், வலது பக்கம் ஏற வேண்டியது. மறந்துவிடாமல் இருக்க, ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் ஒன்பது புள்ளி வைத்து, அதன்மேல் கோட்டை இழுத்து, கீழே ப்ளாக்கையும் மாடியையும் வீட்டு எண்ணையும் எழுதிப் போனின் முதுகில் ஒட்டிவிடுவேன். தொழில் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். கவருக்குள் அவர்கள் சொருகி வைத்திருக்கும் பத்துமலை விபூதிப் பொட்டலம், முருகன் படம், மடித்த ஐந்து வெள்ளி நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். வேலை முடிந்ததும் டேப்பைக் கிழித்துப் போட்டுவிடுவேன். சேகரித்த போன்களிலும் அதே டேப்பைத்தான் ஒட்டினேன். ஆனால் அதைக் கிழிக்க வேண்டியது அவள் வேலை.

போன்கள் வந்துகொண்டே இருந்தன. கோயிலுக்கு வருகிறவர்கள் கொண்டுவந்தார்கள், பக்கத்து அலுவலகப் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்தார்கள். எங்கள் ஃபிளாட்டில் நான் மாடி மாடியாக ஏறி, கதவைத் தட்டி, டிராயரைத் திறக்கவைத்து வாங்கினேன். ஒருமுறை செமினிப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் போன் கொடுக்கும் நிகழ்ச்சி நடந்தது. நானும் போனேன். பிள்ளைகளுக்குப் பின்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தை அவள் போஸ்டராக அடித்துக் கொடுத்தாள். அதை என் மேசைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சர்டிபிகேட் மட்டும் வரவேயில்லை. ஒரு தடவை கேட்டேன். சிஸ்டம் மாத்துறோம்டி, மொத்தமா அனுப்பறேன் என்றாள். மறுபடி கேட்கவில்லை. போஸ்டரில் நிற்கிறவளுக்கு அதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே ஓர் அக்கா இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில். சில வருஷத்துக்கு முன் அவருக்கு மார்பில் கட்டி வந்து, வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடத்தில் நீர் கோர்த்துக்கொண்டதால், தினமும் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி மருத்துவமனைத் தாதி சொல்லியிருந்தார். தனியாக இருக்கிற மனுஷி, வலது கையைத் தூக்க முடியாது, எப்படி எடுப்பார்? நான்தான் போய், போனை அலமாரியில் சாய்த்து வைத்து, டைமர் வைத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். முதல் படத்தை மட்டும் நானே எடுத்தேன். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். படம் எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் தேநீர் குடித்தோம்.

மகன் புது போன் வாங்கி வந்தபோது, பழையதை அவர் கொண்டுவந்து தரவில்லை. நானாகத்தான் போய்க் கேட்டேன்.

"அதுல அந்தப் படமெல்லாம் இருக்கும்மா. உனக்குத்தான் தெரியுமே" என்றார்.

"எல்லாம் போயிடும்க்கா. அதுக்குன்னே மிஷின் இருக்கு. அழிச்சதுக்கு சர்டிபிகேட்டே வரும்."

"அது எனக்கு எதுக்கு? நீ சொல்றே இல்ல, போதும். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போகும்னா எடுத்துக்கிட்டுப் போ."

அவர் கண் முன்னாலேயே டேப் ஒட்டினேன். ஒன்பது புள்ளி, ஒரு 'ப', வீட்டு எண்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பங்சாரில் ஓர் உணவகத்தில் சமையல் செய்கிற ஒருவர் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். "அக்கா, சார்ஜ் ஏற மாட்டேங்குது. நேத்து கிள்ளான்ல பாசார் காராட்ல வாங்கினேன். ஊருக்கு, என் சம்சாரத்துக்கு அனுப்பணும்" என்றார். பாசார் காராட் என்பது ஞாயிறு காலையில் கூடுகிற பழைய சாமான் சந்தை. தார்ப்பாயை விரித்து, துருப்பிடித்த சாவியிலிருந்து செருப்புவரை கொட்டி வைத்திருப்பார்கள்.

போனைத் திருப்பினேன். முதுகில் என் கையெழுத்து இருந்தது.

டேப்பை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். "இதை எப்படித் திறந்தீங்க?" என்று கேட்டேன்.

"அதான் பின்னாடியே போட்டிருக்கேக்கா. டேப் ஒட்டினது எல்லாம் நல்ல சாமான், கண்டிப்பா திறக்கும்னு வித்தவரே சொன்னாரு."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள யாரோ ஒரு அம்மா படம் இருக்கு. உடம்புக்கு முடியாத நேரத்துல எடுத்தது போல. ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அதையெல்லாம் எடுத்துடுங்க. நான் அதிகமா பார்க்கலக்கா."

நல்ல மனுஷர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த 'அதிகமா' என்ற சொல் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. இந்தப் போன் தேறாது என்று பொய் சொல்லி, என் அலமாரியில் இருந்ததில் இதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் ஊசியை விட்டு சார்ஜ் வாயைச் சுத்தம் செய்தேன். பஞ்சு அடைத்திருந்தது, வேறொன்றுமில்லை. உடனே சார்ஜ் ஏறியது. 'ப' இழுத்தேன், திறந்தது. படங்கள் வரிசையாக இருந்தன. முதல் படம் நான் எடுத்தது. மூடி வைத்துவிட்டுக் கடைக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

அன்றே கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். வழியெல்லாம் அவளுக்காக நானே வக்கீலாகிக்கொண்டு போனேன். ஒரு மூட்டை தவறிப் போயிருக்கும். வேலைக்கு வைத்த ஆள் திருடியிருப்பான். வேன் ஓட்டுகிறவன் பாதி வழியில் இறக்கியிருப்பான். அவளுக்கே தெரிந்திருக்காது, பாவம், சொன்னால் துடித்துப்போவாள். ஷா ஆலாம் தாண்டும் வரைக்கும் அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்றுகூட யோசித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

டயர் கடை ஒன்றின் மேல்மாடி அது. கதவு திறந்துதான் இருந்தது. சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய வட்டம், அம்புக்குறி எல்லாம் போட்டு. இரண்டு மேசை. அழிக்கிற மிஷின் என்று சொன்னது மூலையில் இருந்தது. அதன்மேல் கூரியர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள், பிளக் சுவரில் செருகாமல் தொங்கியது. பக்கத்தில் போன் நிரப்பிய அரிசிச் சாக்குகள் வாய் கட்டி வரிசையாக நின்றன.

"என்னடி சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே" என்று சிரித்தாள். போனை மேசைமேல் குப்புற வைத்தேன். அவள் டேப்பைப் பார்த்தாள். இது எது, எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"லாட்டா குடுத்துட்டேண்டி" என்றாள். "மூட்டையாவே எடுத்துக்கிறவன் ஒருத்தன் இருக்கான்."

"அழிக்காமலா?"

"ஒவ்வொண்ணா உட்கார்ந்து அழிக்க எத்தனை ஆளு வேணும் தெரியுமா உனக்கு? ஆரம்பத்துல செஞ்சேன் லா. ரெண்டு மாசம் நானே உட்கார்ந்து செஞ்சேன். அப்புறம் மூட்டை மூட்டையா வந்துச்சு. நீதான் நிறுத்தாம அனுப்பிக்கிட்டே இருந்தே."

நான் அனுப்பியதுதான் தப்பாம். "பிள்ளைங்களுக்குக் குடுத்ததெல்லாம்?" என்றேன்.

"குடுத்தோமே. நீயும்தானே படத்துல நிக்கிறே."

"அந்த ஒரு தடவைதானா?"

அவள் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எந்த போனும் வீணாப் போகலையேடி. யாரோ வாங்குறான், யூஸ் பண்றான். குப்பைக்குப் போகல. நீ எதைக் கேட்டியோ அதுதானே நடக்குது?"

அதில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இது யாருடைய போன், உள்ளே என்ன படம் இருக்கிறது, அதை யார் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை அவளுக்கும் தெரியும். என் வீட்டில் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறாள். அவள் முகம் ஒரு நிமிஷம் மாறியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நான் மன்னித்திருப்பேனோ என்னவோ.

"சரி, அந்த ஒண்ணுதான் உன் கைக்கே வந்துடுச்சு இல்ல. அழிச்சிடு. அவங்ககிட்ட போயி ஏன் சொல்றே?" என்றாள். பிறகு மெதுவாக, எனக்கு நல்லது சொல்வதுபோலவே சொன்னாள்: "வெளியே போனா யாரு பேரு வரும்னு யோசிச்சுப் பாரு. டேப்புல இருக்கிறது என் கையெழுத்து இல்லடி."

கிள்ளான் பஸ் ஸ்டேண்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எனக்கும் தெரியும். அத்தனையையும் அன்றைக்குச் சொன்னேன். சொல்லி முடித்தும் ஆறவில்லை. அங்கே இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் படியில் இழுத்துக் கீழே கொண்டுவந்தேன். அவள் தடுக்கவும் இல்லை, ஒரு கை பிடிக்கவும் இல்லை. டயர் கடைக்காரர்தான் பாவப்பட்டு ஒரு டாக்ஸியைப் பிடித்து அதில் ஏற்றிவிட்டார். விற்ற மூட்டைகளை வாங்கியவன் யார் என்று கேட்டதற்கு அவள் மறுபடி காகிதங்களை அடுக்கப் போய்விட்டாள். அவை எங்கே போயின, எத்தனை தார்ப்பாயில் என் கையெழுத்து விரிந்து கிடக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து, அக்காவின் போனை எடுத்து, அழிக்கிற இடம் வரைக்கும் போய் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தினால் முடிந்தது. அக்காவுக்குத் தெரியவே போவதில்லை. மாடிப்படியில் பார்க்கும்போது, வாம்மா, சாப்பிட்டியா என்று எப்போதும்போல் கேட்பார். ஆனால் அப்படிச் செய்தால் நானும் அவளும் ஒன்று. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது. சர்டிபிகேட் வராதபோதே எனக்கு எங்கேயோ உறுத்தியிருந்தது. நான்தான் அதை அமுக்கி வைத்தேன். அவள் என்னை ஏமாற்றினாள், சரி. என்னை நம்பினவரை ஏமாற்றியது நான். விரலை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு என் கடை வழியாக வந்தார். கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"யாரு பார்த்தாங்க?"

"இதை வாங்கினவர். அதிகமா பார்க்கலன்னு சொன்னார்க்கா." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதுக்கு முன்னாடி?"

"தெரியலக்கா."

கீழே வைத்திருந்த காய்கறிப் பையை அக்கா தூக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன்க்கா, பத்து நிமிஷம்" என்றேன்.

"போன தடவையும் அப்படித்தான்மா சொன்னே." குரலில் கோபமே இல்லை. "சுத்தியல் இருக்கா?"

இந்த இடத்திலும் என் புத்தி எப்படிப் போனது பாருங்கள். "அக்கா, இது நல்ல போன், ஒரு குறையும் இல்ல, இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். நான் சுத்தியலை எடுத்துவைத்தேன்.

பேட்டரியோடு அடித்தால் தீப்பிடிக்கும் என்பதால், முதுகுக் கண்ணாடியைச் சூடேற்றி, பசையை நெம்பி, பேட்டரியைத் தனியாக எடுத்தேன். கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அக்கா என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் எதையாவது ஒளித்துவிடுவேனோ என்று பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என் கையை அப்படிப் பார்த்ததில்லை. போர்டை இரும்புக் கட்டைமேல் வைத்து, "படமெல்லாம் இந்தச் சிப்லதான் இருக்கும். இதை ஒரு அடி அடிச்சா போதும், நான் அடிக்கிறேன்" என்றேன்.

"நீ தள்ளிக்கோ" என்றார்.

இடது கையால் அடித்தார். வலது கை இப்போதும் அவ்வளவு உயரம் வராது. சிப் நொறுங்கியது. நிறுத்தவில்லை. கேமராவை அடித்தார், திரையை அடித்தார், டேப் ஒட்டியிருந்த கண்ணாடியை அடித்தார். துணிக்கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தூளையெல்லாம் உள்ளங்கையால் கூட்டி, கத்தரிக்காய் இருந்த பிளாஸ்டிக் பையைக் காலி செய்து, அதில் அள்ளி முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்தத் தூளில் செம்பு இருக்கிறது, ரீசைக்கிளுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு மனசுக்குள் ஓடியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

பேட்டரி மட்டும் மேசைமேல் கிடந்தது. "இதை வீட்டுக் குப்பையில போடக்கூடாதுக்கா, தீப்பிடிச்சுக்கும். இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றேன்.

"இதுக்குள்ள படம் ஏதும் இருக்குமா?"

"இருக்காதுக்கா. இது வெறும் பேட்டரி."

அக்கா பேட்டரியை எடுத்துக்கொண்டு, நாலு அடி தள்ளி உட்கார்ந்து மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்த பூக்காரப் பெண்ணிடம் போனார். "ஏம்மா, இந்த பேட்டரிக்குள்ள படம் எதுவும் இருக்குமா?" என்று கேட்டார். கால் வந்தால் எடுத்துப் பேசுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்குப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம்தான் கொண்டுவருவாள். நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "இருக்காதுன்னுதான் நினைக்கிறேன் ஆன்டி" என்றாள். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, பேட்டரியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.